கிருத்திகை விரதமும் டி.வி. பூதமும்

மாட்டுக்குப் பின்னால் நடந்து பார்க்காமல் மாடு வாங்குகிறவன் மடையன். முன்னால் நின்றால் கொம்பு தெரியும், கழுத்து மணி தெரியும், நெற்றியில் அப்பிய குங்குமம் தெரியும். கோளாறு எல்லாம் பின்னால்தான் நடந்து வரும். திண்டிவனம் வட்டாரத்துக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவர் மாட்டுத் தரகர் விருத்தாசலம். இதில் ஒரு சொல் மிகையில்லை.

வல்லத்துப் பக்கம் ஒரு குடிசையில் பிறந்தவர். அப்பனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மூன்றாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார்; அதற்கப்புறம் ஊரான் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மேய்த்தார். அப்படி மேய்த்த மனுஷன் திண்டிவனத்தில் சொந்தமாக வீடு கட்டினார். பண்ணையம் பெரிதாக உள்ளவர்கள்கூட, விருத்தாசலம் வந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்துக் கிடந்தார்கள். அவரைத் தூக்கிவிட்டது யார்? கட்சியா, சொந்தமா, சாமியாரா? ஒருத்தரும் இல்லை. அவருடைய சந்தேகம்தான் தூக்கிவிட்டது.

சந்தையில் செய்யாத திருட்டு உண்டா? விற்கிறவன் கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி எண்ணெய் போட்டு இளசாக்குவான். சோம்பிக் கிடக்கிற காளைக்குச் சாராயத்தை ஊற்றி, அது திமிறுகிறபோது, பார்த்தீங்களா ரோஷத்தை என்பான். விருத்தாசலத்திடம் அது பலிக்காது. மாட்டின் வாயை மோந்து பார்த்துவிட்டு, "இதை ஓட்டிக்கினு போனா சாராயக் கடை வாசல்லதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அவரை ஏமாற்றி ஒரு மாட்டை விற்றவன் அந்தச் சந்தையில் கிடையாது.

மாட்டில்தான் கிடையாது. மனுஷனில் ஒரே ஒரு தரம் ஏமாந்தார். அதுதான் அவருக்கு நெஞ்சில் முள்.

ஒரே மகள் கிருஷ்ணவேணிக்குப் பார்த்த முதல் சம்பந்தம் அது. மாப்பிள்ளைக்கு சர்க்கார் வேலை என்றார்கள். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. தட்டு மாற்றி நிச்சயமும் ஆன பிற்பாடுதான் தெரிந்தது, அந்த ஆள் சர்க்கார் ஆபீசு வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவன் என்று. மனு எழுதுவது ஒன்றும் ஈனமில்லை. பொய் ஈனம். விருத்தாசலம் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தெருவில் நாலு பேர், ஊருக்கே பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் மாப்பிள்ளை பல்லைப் பார்க்கவில்லையே என்று சிரித்தார்கள். அவர் காதிலும் விழுந்தது.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் விழுப்புரத்திலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தது. தாய் கெங்கம்மாள், தகப்பன் இல்லை. பையன் தனகோட்டி, ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிறான். ஜாதகம் சேர்ந்தது. பெண்ணையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் தாய்தான் பேசினாள், பையன் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

புறப்படும்போது கிருஷ்ணவேணி அப்பாவுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "வீடு வாசல் எப்டி இருந்தாலும் பரவால்லப்பா. அந்த ஆளு பொய் சொல்றாரா, நெஜம் சொல்றாரா, அதை மட்டும் பாத்துக்கினு வாங்க. இன்னொரு தரம் என்னால தெருவுல தலை குனிஞ்சு நடக்க முடியாது."

விருத்தாசலத்துக்கு அந்த ஒரு சொல் போதும். கை நனைப்பது என்ற வழக்கம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் பேசப் போன வீட்டில் சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் வேண்டாம் என்றால் அது மானக்கேடு. அதனால் சம்மதம் ஆகிற வரைக்கும் காப்பித் தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள். ஆனால் இந்த வெயிலில், வாங்க, உட்காருங்க, ஒரு வாய் மோர் என்று நீட்டினால் எத்தனை தரம் மறுப்பது? விருத்தாசலம் பஞ்சாங்கம் தெரிந்தவரைக் கேட்டு, கிருத்திகை வருகிற நாளாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மயிலம் முருகனுக்கு விரதம், பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாது என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்யமுடியும்? அவர் பிறந்ததிலிருந்து கிருத்திகை விரதம் இருந்தவரில்லை. அது முருகனுக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.

துணைக்கு மச்சான் பெரியசாமியை, அதாவது பெண்சாதியின் தம்பியைக் கூட்டிக்கொண்டார். பெரியசாமி சந்தையில் அவருக்குக் கூட்டாளி. சந்தையில் விலை பேசுவது வாயால் இல்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இரண்டு பேரும் பஸ்ஸிலேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள்: சுண்டுவிரலைப் பிடித்தால் பார்க்கலாம், கட்டைவிரலை அழுத்தினால் வேண்டாம், எழுந்திரு.

விழுப்புரத்தில் ரயிலடி தாண்டி ஒரு சந்தில் வீடு. உள்ளே கால் வைத்ததும் விருத்தாசலத்தின் கண் கூடத்து நடுவில் போய் நின்றது. மேசை மேல் ஒரு டி.வி. பெட்டி. பக்கத்தில் கறுப்பாக இன்னொரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் ஒரு குச்சி. கீழே செங்கல் கனத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அது தனியாக 'உய்ங்' என்று முனகிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரன் வீட்டில் இத்தனை சாமானா? அவர் துண்டை எடுத்துப் பெரியசாமியின் கை மேல் போட்டார்.

கெங்கம்மாள் மோர் கொண்டுவந்தாள். விருத்தாசலம் கிருத்திகையைச் சொன்னார். அவள் முகம் கொஞ்சம் சுருங்கி, அப்புறம் விரிந்தது. ரொம்ப நல்லது அண்ணே, பக்தி இருக்கிற இடத்தில்தான் பெண் எடுக்கணும் என்றாள். வாயைத் திறந்தால் மூடாத பொம்பளை. விருத்தாசலம் பையனைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். அவர் கேட்டதை ஒரு தரம் பையன் பக்கம் திரும்பித் திருப்பிச் சொல்வாள், அதற்கப்புறம்தான் பையன் வாயைத் திறப்பான். பையன் இன்னொரு காரியமும் செய்தான். விருத்தாசலம் பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் வாயை இப்படியா வெறிக்கிறது? வெற்றிலைக் கறை பிடித்த பல்லைப் பார்த்து மனசுக்குள் சிரிக்கிறானா? துண்டுக்கடியில் பெரியசாமியின் கட்டைவிரல் ஒரு அழுத்து வாங்கியது.

இந்தப் பெட்டி யாருடையது என்று நேராகவே கேட்டார்.

கெங்கம்மாள் கையை விரித்தாள். எல்லாம் நம்ம வீட்டுப் பெட்டிதான் அண்ணே, பையன் கை ராசி, என்று ஆரம்பித்தாள். தனகோட்டி குறுக்கே வந்தான். "இல்லைங்க ஐயா. டி.வி. ரிப்பேருக்கு வந்தது. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடணும். இந்தக் கறுப்புப் பொட்டி மட்டும் எனக்குக் குடுத்துட்டாங்க."

தாயின் கை விரித்தபடியே நின்றது. விருத்தாசலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி மறைக்க, ஒருத்தன் திறக்க. இதுவும் ஒரு ஜோடனையாக இருக்கலாம். சந்தையில் சின்னக் கோளாறைத் தானாகச் சொல்லிப் பெரிய கோளாறை மறைக்கிறவன் உண்டு. இவர்கள் சின்னதைச் சொல்லிவிட்டார்கள். பெரியது எங்கே?

கறுப்புப் பெட்டியின் கதையைத் தனகோட்டி சொன்னான். கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டில் சவுதியிலிருந்து வந்த பிள்ளை கொண்டுவந்த, டி.வி.யில் சொருகி ஆடுகிற வீடியோ கேமாம். அந்த ஊர் கரண்டு வேறே, நம்ம ஊர் கரண்டு வேறே. சொருகின உடனே புகைந்துவிட்டது. தூக்கிப் போட இருந்தார்கள். இவன் வாங்கிவந்து, எரிந்துபோனதை மாற்றி, கரண்டைக் குறைக்க அந்த முனகுகிற இரும்புப் பெட்டியையும் தானே செய்து வைத்தான். ரிப்பேருக்கு வருகிற டி.வி.யில் படம் ஆடாமல் நிற்கிறதா என்று இதைப் போட்டுத்தான் பார்ப்பானாம்.

சொல்லிக்கொண்டே டி.வி.யைப் போட்டான். போட்டவன் உள்ளங்கையை டி.வி.யின் பக்கவாட்டில், சத்தம் வருகிற ஓட்டைகள் மேல், கொஞ்ச நேரம் வைத்திருந்தான். மாட்டின் விலாவில் கை வைத்து மூச்சுப் பார்ப்பது போல. விருத்தாசலம் அதையும் மனசில் முடிந்துகொண்டார். பெட்டியை எதற்குத் தடவுகிறான்?

திரையில் ஒரு கோட்டை வந்தது. கட்டம் கட்டமாக அடுக்கிய கோட்டை, கம்பிக் கதவு. கீழே பட்டாணி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளிதான் நாம் என்றான் தனகோட்டி. குச்சியைச் சாய்க்கிற பக்கம் அது போகும். சாவி எங்கேயோ கிடக்கும். அதை எடுத்துவந்து கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற குடத்தை வெளியே கொண்டுவந்தால் ஜெயித்த மாதிரி. நடுவில் பூதம் உண்டு, பிடித்தால் தின்றுவிடும். அவன் ஒரு தரம்கூட ஜெயித்ததில்லை, தினமும் பூதம் தின்றுவிடுகிறது என்று சிரித்தான்.

"குடத்துல இன்னா இருக்குது?" என்று கேட்டார் விருத்தாசலம்.

"தெரியலைங்க."

"இன்னா இருக்குதுன்னே தெரியாத குடத்துக்கு உசிரை விடுவானா மனுஷன்?"

பெரியசாமி சிரித்தான். விருத்தாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இது முன்னாலேயே பிடித்து வைத்த படம், இவன் சும்மா குச்சியை ஆட்டுகிறான் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் சந்தைக் குரலில் உரக்க, தெற்கே போ என்றார். புள்ளி கீழே போனது. வடக்கே வா என்றார். வந்தது. நில் என்றார். நின்றது. அப்படியும் நம்பாமல் மேசைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். பிறகு வந்து குச்சியைக் கேட்டு வாங்கினார்.

அவருக்காகப் பாய் விரித்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏர்மேழியைப் பிடிக்கிற மாதிரி குச்சியைப் பிடித்தார். முதலில் புள்ளியை ஓரத்துக்கு ஓட்டினார். திரை மாறி வேறொரு இடம் வந்தது, வளைந்து வளைந்து போகிற வேலிச் சந்து. உடனே திரும்பிப் பழைய இடத்துக்கு வந்தார். விட்ட இடத்தில் கோட்டை இருக்கிறதா, ஆளில்லாத நேரத்தில் மாற்றிவிட்டார்களா என்று பார்க்க வேண்டாமா? இருந்தது. மறுபடியும் சந்துக்குள் போனார். மறுபடியும் வந்து பார்த்தார். செஞ்சிக் கோட்டையைச் சுற்றி மாடு மேய்த்தவருக்குக் கோட்டை புதிதில்லை. எந்தக் கோட்டைக்கும் பெரிய வாசல் ஏமாற்றுவதற்கு, பக்கத்துச் சின்னத் திட்டிவாசல்தான் போவதற்கு. அதனால் கம்பிக் கதவை விட்டுவிட்டு மதிலை ஒரு சுற்று உரசிக்கொண்டு வந்தார். திட்டிவாசல் இல்லை.

மூன்றாவது சந்தில் சாவி கிடந்தது. தனகோட்டி, அதான் சாவி, எடுங்க என்றான். விருத்தாசலம் புள்ளியைத் தூரத்திலேயே நிறுத்தினார்.

"நட்ட நடுப் பாதையில சாவியை எவன் போட்டுட்டுப் போவான்? எடுக்கறவன் கைய வெட்டறதுக்குத்தான் போட்டிருப்பான்."

அதைச் சுற்றிவிட்டுப் போய், ஒன்றும் நடக்காததைப் பார்த்து, திரும்பி வந்து எடுத்தார். எடுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை பறந்துவந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனது. விருத்தாசலத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். பார்த்தாயா, நான் சொல்லவில்லை, என்று பெரியசாமியைப் பார்த்தார். திருடன் இருக்கிற ஊர் என்று தெரிந்த பிறகு அவருக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. இது சந்தைதான். காக்கையைத் துரத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போகிற வழியில் பெட்டிக்குள்ளிருந்து சன்னமாக ஒரு உறுமல் கேட்டது. தொழுவத்தின் கடைசியில் முரட்டுக் காளை மூச்சு விடுகிற மாதிரி. விருத்தாசலம் ஒரு நொடி யோசிக்கவில்லை, குச்சியை வெடுக்கென்று மறுபக்கம் சாய்த்துப் புள்ளியைச் சந்துக்குள் விட்டார். அவர் நின்ற இடத்தில் ஓணான் மாதிரி ஒன்று ஓடிவந்து நின்றது. அதுதான் பூதமாம். இன்னொரு தரம் உறுமியது, இன்னொரு தரம் தப்பினார். இப்படியே பூதத்தை அலையவிட்டு, காக்கையிடமிருந்து சாவியைப் பிடுங்கி, கோட்டைக் கதவைத் திறந்தும்விட்டார். பி.ஏ., எம்.ஏ. படித்தவன் செய்வானா? உள்ளே இருட்டறையில்தான் காலன் இருந்தான். ஒளிய இடமில்லாமல் பூதம் தின்றுவிட்டது.

விருத்தாசலம் நிமிர்ந்தார். விலாவில் வலித்தது. பெரியசாமி வெகு நேரமாக அங்கே கிள்ளிக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தார். பாயின் மேல் அவர் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. தட்டு முக்காலும் காலி. எதிரே தோல் குவியல். அவர் வாயில் பாதி மென்றது.

ஒரு கையில் குச்சி, ஒரு கை மல்லாட்டையில். உரித்துத் தின்று பழகின கை, அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

கெங்கம்மாள் சமையற்கட்டு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பல். முருகனே உத்தரவு கொடுத்துவிட்டார், விரதத்தையும் மீறி நம் வீட்டில் கை நனைக்க வைத்துவிட்டார், இனி சம்பந்தி வேறே நான் வேறே இல்லை என்றாள். பெரியசாமி சண்டைக்குப் போனான். மல்லாட்டை எல்லாம் கணக்கில் வராது, அது வாய் நமைச்சலுக்குத் தின்கிறது, இலை போட்டுச் சோறு வைத்தால்தான் கை நனைத்ததாக ஆகும் என்றான். அவள் விடவில்லை.

"உப்புப் போட்டு வேக வச்சதுங்க. பச்சையாவா குடுத்தேன்? உப்பைத் தின்னுட்டு இல்லைன்னு சொல்ற வழக்கம் உங்க ஊர்ல இருக்குதா?"

விருத்தாசலம் தோல் குவியலைப் பார்த்தார். தட்டைக் கொண்டுவந்து வைத்தது தற்செயலாகவா, வேண்டுமென்றா? அவருடைய கண்ணும் கையும் இரண்டு பக்கமாக இருக்கிற நேரம் பார்த்து வைத்திருக்கிறாள். சாராயம் ஊற்றிய காளையை வாய் மோந்து கண்டுபிடித்தவர், தன் வாய் அசைவதைக் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் மறுபடியும் சிரிக்கப் போகிறார்கள். மகள் தலை குனியப் போகிறாள்.

நேரம் வாங்குவதற்காக, தம்பி நீ ஆடு, நான் பார்க்கிறேன் என்றார்.

தனகோட்டி ஆடினான். விரல் வேகம் அபாரம். காக்கை வருவதற்குள் சாவியை எடுத்தான், சந்துகளில் வழுக்கிக்கொண்டு போனான். உறுமல் கேட்டது. அவன் போய்க்கொண்டே இருந்தான். நேராகப் பூதத்தின் வாயில் போய் விழுந்தான். மறுபடியும் ஆடினான். மறுபடியும் உறுமல், மறுபடியும் வாயில்.

விருத்தாசலத்தின் முதுகு நிமிர்ந்தது. இன்றைக்குத்தான் குச்சியைப் பிடித்தவன் பூதத்துக்குத் தப்புகிறான், தினமும் பிடிக்கிறவன் தின்னக் கொடுக்கிறான். இது எந்த ஊர் நியாயம்? பெரியவர் மனம் குளிரட்டும் என்று தோற்றுக் காட்டுகிறானா? அதையும் யோசித்தார். தோற்கிறவன் கை தெரியும். கொஞ்சம் முன்னாலேயே தளரும். இவன் கை தளரவில்லை. பூதம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் துள்ளியது.

அடுத்த தரம் உறுமல் கேட்டதும், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, வருது பார், என்று மெதுவாகச் சொன்னார். அவன் திரும்பவில்லை. விருத்தாசலம் எழுந்து சுவரோரமாக நடந்து அவனுடைய இடப்பக்கம் பின்னால் போய் நின்றார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குச் சொடுக்கினார். சந்தையில் மாட்டுக்குச் செய்கிற சோதனை. நல்ல மாடாக இருந்தால் தலையைத் திருப்பாவிட்டாலும் காதையாவது திருப்பும். பெரியசாமி திரும்பினான். கெங்கம்மாள் திரும்பினாள். தனகோட்டி குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

வாயைப் பார்த்துப் பேசியது, தாய் திருப்பிச் சொன்னது, டி.வி. மேல் உள்ளங்கையை வைத்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கெங்கம்மாள் முகத்தில் பல் போய்விட்டது. அவர் கண்டுகொண்டார் என்பதை அவள் கண்டுகொண்டாள்.

பெரியசாமி துண்டைப் போட்டுக் கட்டைவிரலை அழுத்தினான். மல்லாட்டையாவது மண்ணாங்கட்டியாவது, மறைத்தது இவர்கள், எழுந்திரு மாமா என்று அதற்கு அர்த்தம். விருத்தாசலமும் எழுந்துவிடுவதாகத்தான் இருந்தார். வேட்டியை இறுக்கிக்கூடக் கட்டிவிட்டார். அப்போதுதான் மகள் துண்டை நீட்டிய கை நினைவுக்கு வந்தது. வீட்டைப் பார், காதைப் பார் என்றா சொல்லி அனுப்பினாள்? ஒன்றே ஒன்றைத்தான் பார்த்துவரச் சொன்னாள்.

சுற்றி வந்து பையனுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் வாய் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

"தம்பி, என்னைப் பாத்து சொல்லு. பூதம் வர்றதுக்கு முன்னாடி பொட்டி ஒரு சத்தம் போடுதே, அது உனக்குக் கேக்குதா?"

கெங்கம்மாள் முந்திக்கொண்டாள். அவனுக்கு நாலு நாளாகச் சளி, காது அடைத்துக்கொண்டிருக்கிறது, கஷாயம் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். தனகோட்டி தாயின் வாயைப் பார்த்தான். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்தான். பிறகு விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினான்.

"சளி இல்லைங்க ஐயா. சின்னப் புள்ளையில சொரம் வந்து இடது காது சுத்தமா போயிடுச்சு. வலது காதுல பேச்சு கேக்கும், முகத்தைப் பாத்தா நல்லாப் புரியும். சன்னமான சத்தம் மட்டும் கேக்காது." டி.வி.யைத் திரும்பிப் பார்த்தான். "பூதம் சத்தம் போட்டுக்கினுதான் வருதுன்னே நீங்க சொல்லித்தான் தெரியுது. திடீர்னு வருதுன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்."

கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இதனாலேயே எத்தனை இடம் தட்டிப் போயிற்று, சொன்னால் போகிறார்கள், சொல்லாவிட்டால் இவன் சொல்லித் தொலைக்கிறான் என்று அழுதாள்.

சந்தையில் ஒரு தர்மம் உண்டு. சொல்லி விற்ற குறைக்கு வழக்கு இல்லை. மறைத்து விற்றால் மாடும் திரும்பும், மானமும் போகும். இங்கே ஒருத்தி மறைத்தாள், ஒருத்தன் சொன்னான். எதைக் கணக்கில் எடுப்பது? அத்தனை வருஷம் தரகு பார்த்தவருக்கு அதற்குத் தீர்ப்புத் தெரியவில்லை. இது மாடு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

"அம்மா, மல்லாட்டை தின்னது நான். கண்ணாலம் பண்ணிக்கப் போறவ அவ," என்றார் விருத்தாசலம். "இங்க சொன்னதை உம் புள்ளை எங்க ஊட்டுக்கு வந்து எம் பொண்ணுகிட்ட அவன் வாயாலயே சொல்லட்டும். நீ கூட வராதே. அவ சரின்னா நானே வந்து இலை போட்டு சாப்பிடறேன். இல்லைன்னா தின்ன உப்புக்கு மயிலத்துல போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அடுத்த வாரம் தனகோட்டி திண்டிவனத்துக்குத் தனியாக வந்தான். விருத்தாசலம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். ஒட்டுக்கேட்டார் என்றே சொல்லலாம், நம்பி விடுவதற்கு அவர் என்ன ஏமாளியா? பையன் விழுப்புரத்தில் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னான். கிருஷ்ணவேணி தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

"எங்கப்பா கேக்கலைன்னா சொல்லியிருப்பீங்களா?"

தனகோட்டி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "அன்னிக்கு சொல்லியிருப்பேனா தெரியலை. பயமா இருந்தது. தாலி கட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன்."

கதவுக்குப் பின்னால் விருத்தாசலம் மூச்சை விட்டார். அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன் என்று அவன் அளந்திருந்தால், கதவைத் திறந்து வெளியே போகச் சொல்லியிருப்பார். மகள் உள்ளே போனாள். காப்பி டம்ளரோடு வந்தாள். அவனுக்கு இடப்பக்கம்தான் வழி. அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்று, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டவில்லை, போதும் என்று வாய் திறந்து சொன்னான்.

அன்று சாயங்காலம் விருத்தாசலம், விழுப்புரத்துக்குச் சாப்பிடப் போகலாமா என்று மகளைக் கேட்டார்.

"கிருத்திகை இல்லாத நாளா பாத்துப் போங்க," என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெரியசாமிதான் தாய்மாமனாக மாலை எடுத்துப் போட்டான். கெங்கம்மாளை விருத்தாசலம் கடைசி வரைக்கும் முழுசாக நம்பவில்லை. அவள் வைக்கிற குழம்பைக்கூட ஒரு தரம் மோந்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவார். அவளும் அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

தை மாசம் மகளைப் பார்க்கப் போனார். கூடத்தில் ஒரு டி.வி.; இந்தத் தரம் சொந்தப் பெட்டி, யாரோ வேண்டாம் என்று விட்டதை மருமகன் உயிர் கொடுத்து எடுத்தது. ரசீது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தார். கெங்கம்மாள் மல்லாட்டைத் தட்டை வைத்தாள். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

தனகோட்டி குச்சியைப் பிடித்திருந்தான். கிருஷ்ணவேணி அவனுக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. உறுமல் கேட்டதும் கீரைக் கையால் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். புள்ளி சந்துக்குள் மறைந்தது. பூதம் வந்து ஏமாந்து நின்றது. இன்னொரு உறுமல், இன்னொரு தட்டு. கதவு திறந்தது, இருட்டறை வந்தது. விருத்தாசலம் செத்த இடம். அங்கே அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். அது என்ன கணக்கோ, அவர்களுக்குள். புள்ளி எப்படியோ வளைந்து போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. திரை முழுக்க மின்னி மின்னி அடங்கியது.

தனகோட்டி சிரித்துக்கொண்டே திரும்பி, ஜெயிச்சாச்சு மாமா என்றான்.

விருத்தாசலம் எழுந்து மேசைக்குப் பின்னால் போய், குனிந்து, வெகு நேரம் பார்த்தார். ஒயர் இருந்தது, தூசி இருந்தது. முன்னால் வந்து உட்கார்ந்து மல்லாட்டைத் தட்டை இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் மொதல்லேர்ந்து ஆடுங்க," என்றார். "அந்தக் குடம் அதே எடத்துல இருக்குதான்னு நான் பாக்கணும்."